ஒருமுறை கிழித்த சிறுநீரகத்தில் துளைவழியே கல் எடுக்கலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கும் என் அப்பாவுக்கு வயது 59. 2004ஆம் ஆண்டு இடது கிட்னியில் கல் என்று விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்து ஆபரேஷன் செய்தார்கள். 2015இல் இடது பக்கக் குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார்; சர்க்கரையும் உண்டு. இப்போது அதே இடது கிட்னியில் 2.6 செ.மீ. அளவில் ஒரு கல்லும், அடிப்பகுதியில் இரண்டு சின்னக் கற்களும் இருப்பதாக ஸ்கேனில் தெரிகிறது. கிரியாட்டினின் 1.5. வலி பெரிதாக இல்லை. ஒரு டாக்டர், முன்பே திறந்த கிட்னி என்பதால் மறுபடியும் திறந்துதான் எடுக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், முதுகில் துளை போட்டு எடுக்கலாம் என்கிறார். திருப்பூரில் இருக்கும் சித்தப்பா லேசரே போதும் என்கிறார். அப்பாவோ, "இன்னொருக்கா ஒடம்பைக் கீற உடமாட்டேன், வாழைத்தண்டுச் சாறு குடிச்சே கரைச்சுக்கறேன்" என்று பிடிவாதமாக இருக்கிறார். நாங்கள் என்ன செய்வதுங்க ஐயா?

– ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் கேள்விக்கான நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒருமுறை திறந்து அறுவை செய்த சிறுநீரகம் என்பது ஒன்றை மட்டுமே காரணமாக வைத்து, மறுபடியும் திறந்துதான் கல்லை எடுக்க வேண்டும் என்ற நிலை இன்று இல்லை. உங்கள் அப்பாவின் கல் அளவுக்கும், அது இருக்கும் இடத்துக்கும், முதுகுப் பக்கம் சிறு துளையிட்டு அதன் வழியே கல்லை உடைத்து எடுக்கும் பி.சி.என்.எல். முறைதான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது. பழைய அறுவை அந்த வழியை அடைத்துவிடவில்லை. ஆனால் அந்த வழியில் போவதற்கு முன் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களைக் கூட்டியிருக்கிறது. அவரது இதய மருந்துகளும், சர்க்கரையும், சிறுநீரகத் திறனைக் காட்டும் இரத்த அளவான கிரியாட்டினின் 1.5 என்றிருப்பதும் அந்த ஆயத்தங்களை இன்னும் முக்கியமாக்குகின்றன. என் பதிலின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதாகவே இருக்கும்.

துளைவழியே சிறுநீரகக் கல்லை எடுக்கும் முறையை 1976இல் சுவீடனைச் சேர்ந்த ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் முதன்முதலாக வெளியிட்டார்கள். உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை நொறுக்கும் சிகிச்சை 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்குச் செய்யப்பட்டது. இவை எல்லா ஊர்களுக்கும் வந்து சேர ஆண்டுகள் பல ஆயின. அதனால்தான் உங்கள் அப்பாவைப் போல, விலாவின் அடியிலிருந்து வயிற்றை நோக்கி நீளும் தழும்போடு ஈரோடு, நாமக்கல், தாராபுரம் பக்கமிருந்து வருகிறவர்களை எங்கள் புறநோயாளர் அறையில் இன்றும் பார்க்கிறோம். அவர்களில் பலருக்கு அதே சிறுநீரகத்தில் மீண்டும் கல் வந்திருக்கிறது. கல் உருவாகும் தன்மை உடலில் தொடர்வதால் இது நேர்கிறதே தவிர, பழைய அறுவையைச் சரியாகச் செய்யவில்லை என்று பொருளல்ல.

திறந்த அறுவை சிறுநீரகத்தில் எதை மாற்றிவிட்டுப் போகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால், இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதன் காரணமும் விளங்கும். இயல்பான சிறுநீரகம் கொழுப்பு மெத்தை ஒன்றுக்குள் தளர்வாக அமர்ந்திருக்கிறது. நாம் மூச்சை இழுத்து விடும்போதெல்லாம் சில சென்டிமீட்டர் மேலும் கீழுமாக நகர்கிறது. திறந்த அறுவையில் விலாவுக்குக் கீழுள்ள தசை அடுக்குகளை அறுத்து, அந்தக் கொழுப்பை விலக்கி, சிறுநீர் சேரும் நடுப்பகுதியையோ சிறுநீரகச் சதையையோ வெட்டிக் கல்லை எடுக்கிறார்கள். புண் ஆறும்போது கொழுப்பு மெத்தை இருந்த இடத்தில் தழும்புத் திசு உருவாகி, சிறுநீரகம் பின்பக்கத் தசையோடு ஒட்டிக்கொள்கிறது. மூச்சோடு நகரும் அதன் இயல்பு குறைகிறது; சிலருக்கு அது சற்றே திரும்பியும் மேலேறியும் நிலைத்துவிடுகிறது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ஊசி போடும்போது சிறுநீரகம் நழுவி ஓடாது. ஆகவே ஊசியைக் குறித்த இடத்தில் செலுத்துவது சில சமயம் எளிதாகக்கூட இருக்கும். சிரமம் அதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. ஊசி வழியாக ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அந்தக் கம்பியின் மேல் படிப்படியாகப் பெரிய குழல்களை ஏற்றித் துளையை அகலப்படுத்த வேண்டும். மழை நனைத்த செம்மண்ணில் இறங்கும் கடப்பாரை சுக்காங்கல் நிலத்தில் இறங்க மறுப்பதைப் போல, தழும்புத் திசுவுக்குள் அந்தக் குழல்கள் எளிதில் போவதில்லை. அவசரப்பட்டு அழுத்தினால் கம்பி மடங்கும், பாதை விலகும், சிறுநீரகத்தின் மறுபக்கச் சுவர்வரை கருவி போய்விடும் ஆபத்தும் உண்டு. பலூனை உள்ளே ஊதி அகலப்படுத்தும் கருவிகூடத் தழும்பு இறுகிய இடத்தில் முழுதாக விரியாமல் போவதுண்டு. இதற்காகவே ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் உலோகக் குழல்களைப் பல அறுவை மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளுக்கு விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். கம்பி மடங்காதபடி விறைப்பான கம்பியைத் தேர்வதும், பாதை தவறினால் திரும்பி வர ஏதுவாக இரண்டாவது கம்பி ஒன்றை உள்ளே நிறுத்தி வைப்பதும் வழக்கம்.

துளை அமைந்த பிறகு இன்னொரு கவனம் வேண்டியிருக்கிறது. வழக்கமாக ஒரே துளையிலிருந்து கருவியைச் சாய்த்துச் சாய்த்துச் சிறுநீரகத்தின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் போய்ப் பார்ப்போம். சிறுநீரகமும் அந்தச் சாய்வுக்குச் சற்று இடம் கொடுக்கும். ஒட்டிப் போன சிறுநீரகம் அப்படி இடம் கொடுக்காது. வலிந்து சாய்த்தால் சதை கிழிந்து இரத்தம் கசியும். ஆகவே எட்டாத மூலையில் இருக்கும் கல்லுக்காக இரண்டாவது துளை ஒன்றைப் போடுவதோ, வளையும் தன்மையுள்ள கேமராவைப் பயன்படுத்துவதோதான் முறையானது. உங்கள் அப்பாவுக்குக் கீழ்ப்பகுதியில் இரண்டு சிறு கற்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய அறுவையால், அந்தக் கற்கள் இருக்கும் கிண்ணம் போன்ற அறையின், அதாவது கீழ்க்கிண்ணத்தின், கழுத்துப் பகுதி சுருங்கியிருக்கிறதா, அந்தக் கற்கள் ஒரு மூடிய அறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றனவா என்பதை முன்கூட்டியே படத்தில் பார்த்து வைக்க வேண்டும். முதல் துளையை எங்கே போடுவது என்பதையே அது தீர்மானிக்கக்கூடும்.

குடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெருங்குடல் பொதுவாகச் சிறுநீரகத்துக்கு முன்னும் பக்கவாட்டிலும் இருக்கும். சிலருக்கு அது சிறுநீரகத்தின் பின்பக்கமாக வந்து படுத்திருக்கும். முன்பு சிறுநீரக அறுவை ஆனவர்களிடம் இதை இன்னும் கவனமாகத் தேட வேண்டும். முதுகுப் பக்கமிருந்து போகும் துளை குடலைத் தொட்டுவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது என்றாலும், நேர்ந்தால் அது சிறிய விஷயமல்ல. இதைத் தவிர்க்கும் வழி சி.டி. படம். உங்களிடம் இருப்பது வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்றே நினைக்கிறேன். அது போதாது. மருந்து செலுத்தாமல் எடுக்கும் சாதாரண சி.டி. ஒன்றே கல்லின் சரியான அளவு, அடர்த்தி, குடலும் மண்ணீரலும் நிற்கும் இடம், விலா எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள உறவு அனைத்தையும் காட்டிவிடும். சிறுநீர்ப் பாதையின் வடிவத்தைத் தெளிவாகக் காண மருந்து செலுத்தி எடுக்க வேண்டும் என்று மருத்துவர் கருதினால், கிரியாட்டினின் 1.5 என்பதையும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டால் அதையும் அவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

அப்பாவின் பழைய தழும்பை நீங்களே ஒருமுறை கவனியுங்கள். அவர் நின்றுகொண்டு இருமும்போது தழும்பை ஒட்டிய பகுதி புடைக்கிறதா என்று பாருங்கள். விலாவுக்குக் கீழே கிழித்த இடத்தில் தசை தளர்ந்து வெறும் புடைப்பாக மட்டும் இருப்பவர்களும் உண்டு. அந்த வழியே குடல் இறங்கியிருப்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையாக இருந்தால், துளை போடும் இடத்தை மாற்ற வேண்டிவரும். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துப் பார்க்கும்போது இந்தப் புடைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடக்கூடும் என்பதால், முன்பே சொல்லி வைப்பது நல்லது. 2015இல் செய்த குடலிறக்க அறுவையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நீங்கள் சொல்வது தொடையிடுக்கில் வைத்த வலை என்றால், முதுகு வழியே போகும் துளைக்கு அது குறுக்கே வராது. இருந்தாலும் எல்லா அறுவைகளையும் போலவே அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இத்தனை சிரமங்களையும் விவரித்த பிறகு அதன் மறுபக்கத்தையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு திறந்த அறுவை ஆனவர்களையும் ஆகாதவர்களையும் ஒப்பிட்டு வெளிவந்த மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலானவை, துளைவழி அறுவையில் கல் முழுதாக நீங்கும் அளவிலும், பெரிய சிக்கல்களின் அளவிலும், இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே காட்டுகின்றன. அறுவை நேரம் சற்று நீளலாம்; மிச்சக் கல்லுக்காக இரண்டாவது அமர்வு தேவைப்படலாம். இவ்வளவுதான் கூடுதல். இதற்கு மாறாக, ஒட்டிப் போன சிறுநீரகத்தை மறுபடி திறப்பது என்றால் அந்தத் தழும்புத் திசு முழுவதையும் மீண்டும் அறுத்துப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். அதில் இரத்தப்போக்கும், சிறுநீரகச் சதை இழப்பும், வலியும், தசைத் தளர்ச்சியும் எல்லாம் முதல் தடவையைவிட அதிகம். முன்பு திறந்தார்கள் என்பதே மறுபடி திறக்காமலிருக்க ஒரு நல்ல காரணம் என்பது என் கருத்து.

ஆயினும் திறந்து எடுக்கச் சொன்ன மருத்துவரின் சொல்லை நீங்கள் தள்ளிவிட வேண்டாம். அவர் அப்படிச் சொன்னதற்கான காரணத்தை மரியாதையோடு கேளுங்கள். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்க்குழாய் தொடங்கும் இடத்தில் அடைப்பு இருந்து அதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தாலோ, குடலோ மண்ணீரலோ துளைக்கு இடமே விடாமல் நின்றாலோ, அந்தச் சிறுநீரகம் ஏறக்குறைய வேலை செய்யாமல் போயிருந்தாலோ, முடிவு வேறாகும். அப்படி ஏதேனும் ஒன்றை அவர் படத்தில் பார்த்திருந்தால் அது உங்களுக்குத் தெரிய வேண்டும். பழைய தழும்பு மட்டும்தான் காரணம் என்றால், இத்தகைய நோயாளிகளுக்குத் துளைவழி அறுவை செய்து பழகிய வேறொரு சிறுநீரக அறுவை நிபுணரிடம் கருத்துக் கேட்பதில் தவறில்லை.

சித்தப்பா சொல்லும் லேசரைப் பற்றி. லேசர் என்பது கல்லை உடைக்கும் கருவி. அதை எந்த வழியாக உள்ளே கொண்டுபோகிறோம் என்பது தனிக் கேள்வி. முதுகுத் துளை வழியாகவும் லேசரைக் கொண்டுபோகலாம். சிறுநீர் கழிக்கும் வழியாகவே வளையும் கேமராவை மேலே ஏற்றியும் கொண்டுபோகலாம். அவர் குறிப்பிடுவது இந்த இரண்டாவது வழி என்று எடுத்துக்கொள்கிறேன். துளையே இல்லை, தழும்பின் குறுக்கீடு இல்லை, இரத்தப்போக்கு குறைவு என்பதால் 2 செ.மீ.க்குக் குறைவான கற்களுக்கு அது நல்ல வழி. 2.6 செ.மீ. கல்லோடு கீழ்க்கிண்ணத்திலும் கற்கள் இருக்கும்போது, ஒரே அமர்வில் முடியாமல் இரண்டு, மூன்று தடவை மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரக்கூடும். உடைந்த துகள்கள் கீழே தங்கிவிடும் வாய்ப்பும் அதிகம். ஆனால் உங்கள் அப்பாவின் விஷயத்தில் நான் அதை முழுதாக ஒதுக்கமாட்டேன். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகிய இரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகளை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்று இதய மருத்துவர் சொல்லிவிட்டால், பல அமர்வுகள் ஆனாலும் பரவாயில்லை என்று அந்த வழியையே தேர்வது நியாயமாக இருக்கும். வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து நொறுக்கும் சிகிச்சை இந்த அளவுக் கல்லுக்கு ஏற்றதல்ல. உறையா மருந்து சாப்பிடும்போது அதைக் கொடுப்பதும் இல்லை.

அந்த மருந்துகளை நீங்களாகவோ, பக்கத்து மருந்துக் கடையில் கேட்டோ நிறுத்தாதீர்கள். இதை நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். அறுவைக்கு நாள் குறித்தவுடன், இதய ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடம் போய், எந்த மருந்தை எத்தனை நாள் முன்னதாக நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவர்களுக்கு, உயிருக்கு அவசரமில்லாத அறுவையைத் தள்ளிப்போடுவதே வழக்கம். உங்கள் அப்பாவுக்கு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டதால், குளோபிடோக்ரலை அறுவைக்கு 5 முதல் 7 நாள் முன் நிறுத்தி, ஆஸ்பிரினைத் தொடர்வதா வேண்டாமா என்று இரு மருத்துவர்களும் பேசி முடிவு செய்வது பெரும்பாலும் சாத்தியமாகும். அப்போது எடுக்கும் எக்கோ முடிவு மயக்க மருத்துவருக்கும் பயன்படும். குப்புறப் படுக்கவைக்காமல் மல்லாந்த நிலையிலேயே துளையிடும் முறையும் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கு மயக்க மருத்துவர்கள் அதை விரும்புவதுண்டு.

கிரியாட்டினின் 1.5 என்பதை வயதோடு சேர்த்துக் கணக்கிட்டால், இரு சிறுநீரகங்களும் சேர்ந்து வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 50 மி.லி.யை ஒட்டி வருகிறது. 90-க்கு மேல் இருக்க வேண்டியது இது. இதில் இடது சிறுநீரகத்தின் பங்கு எவ்வளவு என்பதை ரீனோகிராம் என்ற பரிசோதனை தனியாகப் பிரித்துக் காட்டும். கோவையில் அதைச் செய்யும் மையங்கள் உள்ளன. இடது சிறுநீரகம் பத்து, பதினைந்து விழுக்காட்டுக்கும் குறைவாக வேலை செய்கிறது என்று தெரிந்தால், கல்லை எடுப்பதால் அவருக்கு என்ன நன்மை என்ற கேள்வியை நாங்களே எழுப்ப வேண்டியிருக்கும். நல்ல அளவு வேலை செய்கிறது என்றால், அதைக் காப்பாற்ற ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

வலி பெரிதாக இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா தள்ளிப்போடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். துடிக்க வைக்கும் வலி, சிறுநீர்க்குழாயில் இறங்கி மாட்டிக்கொள்ளும் சின்னக் கல்லால் வருவது. சிறுநீரகத்துக்குள்ளேயே பெரிதாக வளரும் கல் பல ஆண்டுகள் வலியே காட்டாமல் சதையை அரித்துக்கொண்டிருக்கும். அவரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

வாழைத்தண்டுச் சாறு பற்றியும் அவருக்கு ஒரு தெளிவான பதில் வேண்டும். 5 மி.மீ.க்கும் குறைவான கற்கள் பெரும்பாலும் தாமாகவே சிறுநீரோடு வெளியேறிவிடும். அந்தச் சமயத்தில் சாறு குடித்துக்கொண்டிருந்தவர்கள் சாறுதான் வெளியேற்றியது என்று நம்புகிறார்கள். சாறோடு சேர்ந்து அவர்கள் குடித்த தண்ணீருக்கும் அதில் பங்குண்டு. ஆனால் 2.6 செ.மீ. கால்சியம் கல்லைக் கரைக்கும் சாறோ கஷாயமோ மாத்திரையோ இல்லை. கரையக்கூடிய கல் ஒன்று உண்டு. அது யூரிக் அமிலக் கல். சி.டி.யில் அடர்த்தி குறைவாகவும், சிறுநீர் அமிலத் தன்மையோடும் இருந்தால் அந்த ஐயம் எழும். அப்போது சிறுநீரின் அமிலத் தன்மையைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்து, மருத்துவர் கண்காணிப்பில் கரைத்துப் பார்க்க இடமுண்டு. சர்க்கரை நோயாளிகளிடம் இந்த வகைக் கல் கூடுதலாகக் காணப்படுவதால், உங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும். சிறுநீரகத் திறன் குறைந்தவர்கள் பொட்டாசியம் மிகுந்த சாறுகளை நாள்தோறும் குடிப்பது இதயத்துக்கு ஆபத்து என்பதையும் அப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அறுவைக்கு முன் சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். துளைவழி அறுவைக்குப் பின் உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடியவற்றில் முதன்மையானது இரத்தத்தில் பரவும் கிருமித் தொற்று. சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். கிருமி இருந்தால் அதற்கேற்ற மருந்தைப் போதிய நாள் கொடுத்த பிறகே அறுவை. இடையில் குளிர்க் காய்ச்சல் வந்தால் கல்லைப் பற்றிய யோசனையையெல்லாம் ஒதுக்கிவிட்டு அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் முதலில் சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்டோ முதுகு வழியே வெளிக்குழாயோ வைத்து வடியவிட வேண்டும். கல்லை அதன் பிறகுதான் தொட வேண்டும்.

அறுவை செய்யப்போகும் மருத்துவரிடம் சில கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள். முன்பு திறந்து அறுவை ஆன சிறுநீரகத்தில் அவர் துளைவழி அறுவை செய்து வருகிறாரா? சி.டி. படத்தை வைத்து, துளை எங்கே வரும், ஒன்றா இரண்டா என்று உங்களுக்குக் காட்ட முடியுமா? இரத்தம் ஏற்பாடு செய்யப்படுமா? இரத்தப்போக்கு நிற்காவிட்டால், தொடை வழியாகவோ கை வழியாகவோ இரத்தக்குழாய்க்குள் சென்று கசியும் இடத்தை அடைக்கும் வசதி அங்கேயே இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்தச் சிகிச்சை நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான் தேவைப்படுகிறது. தேவைப்படும்போது நேரம் மிகக் குறைவாக இருக்கும். பாதை சரியாக அமையவில்லை, அல்லது இரத்தம் மறைக்கிறது என்றால் குழாயை மட்டும் வைத்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி எடுக்கலாம் என்று வெளியே வருவதும் நல்ல அறுவைதான். அப்படிச் சொன்னால் "பாதியிலேயே விட்டுவிட்டார்கள்" என்று உறவினர்கள் பேசக்கூடும். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

துளையின் அளவைப் பற்றி அப்பாவிடம் சொன்னால் அவருக்குத் தைரியம் வரும் என்று நினைக்கிறேன். வழக்கமான துளை 8 முதல் 10 மி.மீ. விட்டம், சிறிய கருவிகளால் செய்யும் மினி முறையில் 5 முதல் 7 மி.மீ. வரைதான். 2004இல் அவர் பட்ட வலியோடு இதை ஒப்பிடவே முடியாது. பெரும்பாலானவர்கள் இரண்டாம் நாளிலேயே எழுந்து நடக்கிறார்கள். சில நாளில் வீடு திரும்புகிறார்கள்.

வீடு திரும்பிய பிறகு கவனிக்க வேண்டியவை உண்டு. முதல் சில நாள் சிறுநீர் வெளிர்ச் சிவப்பாகப் போவது இயல்பு. அது தெளிந்த பிறகு, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து, திடீரென்று இரத்தமும் கட்டிகளுமாகப் போனால், அறுவையில் காயம்பட்ட சிறு இரத்தக்குழாய் ஒன்று புடைத்துக் கசிகிறது என்று பொருள் கொள்ள வேண்டும். உடனே அறுவை செய்த இடத்துக்கே திரும்புங்கள். குளோபிடோக்ரலை மீண்டும் தொடங்கும் நாட்களில் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள். கொப்பரை மூட்டை தூக்குவதும், டிராக்டர் ஓட்டுவதும் ஒரு மாதம் வேண்டாம். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைவரை போகும் மெல்லிய குழாயான டி.ஜே. ஸ்டென்டை உள்ளே வைத்திருந்தால் அதை எடுக்க வேண்டிய தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வலி நின்றுவிட்டது என்று அதை மறந்து, வருடக்கணக்கில் உள்ளேயே விட்டு, அந்த ஸ்டென்டின் மேலேயே கல் கட்டி வருபவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. முதல் கல்லைவிடக் கடினமான அறுவையை அது கேட்கும்.

எடுத்த கல்லைக் கேட்டு வாங்கி, அது எந்த வகை என்று ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை கல் வந்த ஒருவருக்கு இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் செய்யும் பரிசோதனையும் தேவை. கொப்பரைக் களத்தில் வெயிலில் நிற்கும் வேலையில் உடல் நீரெல்லாம் வியர்வையாகப் போய்விடுவதால் சிறுநீர் குறைந்து கெட்டியாகிறது. நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரின் உப்பைக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தண்ணீரின் கடினத்தன்மை கல்லுக்கு முக்கியக் காரணம் என்று சொல்ல வலுவான சான்று கிடையாது. அந்தத் தண்ணீர் வாய்க்கு ருசிக்காததால் போதுமான அளவு குடிக்காமல் விடுவதுதான் தீங்கு. நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். இதயம் அதைத் தாங்குமா என்பதை மட்டும் இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உப்பையும் ஊறுகாயையும் குறைக்கச் சொல்லுங்கள். பாலும் மோரும் நிறுத்த வேண்டாம். உணவிலுள்ள கால்சியம் குறைந்தால், கல் உருவாக உதவும் ஆக்சலேட் என்ற உணவுப் பொருள் குடலில் கூடுதலாக உறிஞ்சப்பட்டுக் கல்லுக்கே உதவும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரக அறுவைப் பிரிவு இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அட்டை இருந்தால், சேர்க்கைக்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இந்த அறுவைக்கு ஒப்புதல் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது, சிறுநீர்க் கல்ச்சருக்கும் சாதாரண சி.டி.க்கும் கொடுப்பது. அத்தோடு 2004ஆம் ஆண்டு அறுவையின் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடிப் பாருங்கள். நடுப்பகுதியை மட்டும் திறந்தார்களா, சிறுநீரகச் சதையையே வெட்டினார்களா, விலா எலும்பின் ஒரு பகுதியை எடுத்தார்களா என்பது அதில் எழுதியிருக்கும். சீட்டு தொலைந்திருந்தால், அந்த மருத்துவமனையில் பழைய பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றையும், அப்பாவையும் அழைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். துளை எவ்வளவு பெரியது என்பதை அவர் கையால் அப்பாவுக்குக் காட்டச் சொல்லுங்கள்.